பாஸ்டன் மண்ணும் அயர்லாந்துக் கைகளும்

பாஸ்டன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, 1773-ஆம் ஆண்டு அந்நகரத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய நிகழ்ச்சி. அடுத்தபடியாக ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்ற பெயர்கள். நம் சங்க உறுப்பினர்கள் சிலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பக்கம் படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போய் வந்தவர்கள், அந்நகரின் அகலமான வீதிகளையும் செங்கல் மாளிகைகளையும் பற்றி வியந்து சொல்வதுண்டு.

ஆனால் அந்த வீதிகளில் கணிசமானவை நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் நிலமாகவே இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கடல் நீர் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்பாக இருந்ததை மண் கொட்டித் தூர்த்துத்தான் நகரம் ஆக்கினார்கள். அந்த மண்ணை வாரியவர்களும் கொட்டியவர்களும் பெரும்பாலும் பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் ஏன் வந்தார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள், எப்படித் தலை நிமிர்ந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சமூகம் வேற்றூரில் காலூன்றுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. காலூன்றிய பிறகு எதை மறந்துவிடுகிறது என்பதற்கும் இது பாடம்தான்.

ஊரை விட்டு ஏன் வந்தார்கள்?

அயர்லாந்து பிரிட்டனுக்கு மேற்கே உள்ள தீவு. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 1841-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே 81 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். நிலமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்த புராட்டஸ்டன்ட் நிலக்கிழார்கள் கையில். உழுதவர்கள் கத்தோலிக்கக் குடியானவர்கள். விளைந்த கோதுமையும் ஓட்ஸும் குத்தகைக்கு அளந்தது போக, குடும்பம் சாப்பிடுவதற்கு மூலையில் ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். ஓர் ஏக்கர் கிழங்கு இருந்தால் ஒரு குடும்பம் ஆண்டைத் தள்ளிவிடலாம். காலை, பகல், இரவு மூன்று வேளையும் அதுவே உணவு.

1845-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குச் செடியை ஒரு பூசண நோய் தாக்கியது. செடி கருகி, மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகி நாறியது. 1846-இல் ஏறக்குறைய முழு விளைச்சலும் போயிற்று. 1847-ஐ இன்றும் அவர்கள் 'கறுப்பு நாற்பத்தேழு' என்கிறார்கள். பட்டினியிலும் அதைத் தொடர்ந்த காய்ச்சலிலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 லட்சமாகக் குறைந்துவிட்டது.

கிழங்கு அழுகியது இயற்கையின் வேலை. ஆனால் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது மனிதர்களின் வேலை. சந்தையில் அரசாங்கம் தலையிடக்கூடாது, இலவசமாகச் சோறு போட்டால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது லண்டன் நிதித்துறையின் கொள்கை. நிவாரணப் பணிகளைக் கவனித்த நிதித்துறை அதிகாரி சார்லஸ் ட்ரெவெலியன் அந்தக் கொள்கையில் பிடிவாதமாக இருந்தவர். இந்தப் பெயரைச் சென்னை வரலாறு தெரிந்தவர்கள் கேட்டிருப்பார்கள். அதே ட்ரெவெலியன்தான் 1859-60-இல் சென்னை மாகாண கவர்னராக வந்தவர். சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே பீப்பிள்ஸ் பார்க் அமையக் காரணமானவர். அவர் போன பிறகு 1876-78-இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தாக்கியபோதும், சந்தையில் தலையிடக்கூடாது என்ற அதே வாதம் மீண்டும் எழுந்தது. ஆகவே அயர்லாந்தின் கதை நமக்கு முற்றிலும் அந்நியக் கதை அல்ல. அந்தப் பஞ்சத்துக்குக் கல்கத்தாவிலிருந்தும் நிதி திரட்டி அனுப்பினார்கள் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

வந்த இடத்தில் வரவேற்பு

பாஸ்டன் 1630-இல் பியூரிட்டன்கள் என்ற தீவிர புராட்டஸ்டன்ட் பிரிவினர் அமைத்த ஊர். கத்தோலிக்கர் என்றால் அவர்களுக்குப் பரம்பரைச் சந்தேகம். பஞ்சத்துக்கு முன்பே சிறு அளவில் அயர்லாந்துக்காரர்கள் அங்கே இருந்தார்கள். 1803-இல் ஹோலி கிராஸ் தேவாலயம் கட்டியபோது புராட்டஸ்டன்ட்களும் நன்கொடை கொடுத்தார்கள். ஆட்கள் குறைவாக இருந்தவரை உறவு சுமுகம். எண்ணிக்கை கூடியதும் முகம் மாறியது. 1834 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு, பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனில் அர்சுலைன் கன்னியர் மடத்தையும் அதிலிருந்த பெண்கள் பள்ளியையும் ஒரு கூட்டம் தீ வைத்துக் கொளுத்தியது. 1837 ஜூனில் பிராட் ஸ்ட்ரீட்டில் அயர்லாந்துக்காரர்களின் சவ ஊர்வலமும் ஒரு தீயணைப்புக் கும்பலும் எதிர்ப்பட்டு மூண்ட சண்டை, வீடுகளைச் சூறையாடும் கலவரமாக முற்றி, மேயர் ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய ஊருக்குத்தான் 1847-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 37,000 அயர்லாந்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அன்றைய நகர மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். வந்தவர்களில் பலர் கப்பலிலேயே டைபஸ் காய்ச்சல் பிடித்தவர்கள். துறைமுகத்துக்கு வெளியே டீர் தீவில் நகராட்சி தனிமைப்படுத்தும் ஆஸ்பத்திரி அமைத்தது. நூற்றுக்கணக்கானோர் நகரத்தைக் கண்ணால் பார்த்தபடியே, அதற்குள் கால் வைக்காமலே அங்கே இறந்தார்கள். இன்று அத்தீவில் நகரத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அதே 1847-இல் பாஸ்டன் மக்கள் பஞ்ச நிவாரணம் திரட்டினார்கள். ஜேம்ஸ்டவுன் என்ற போர்க்கப்பலை அமெரிக்க அரசாங்கம் இதற்காகக் கொடுத்தது. ராபர்ட் பென்னெட் ஃபோர்ப்ஸ் என்ற வணிகர் தலைமை மாலுமியாகப் பொறுப்பேற்றார். துறைமுகத்து அயர்லாந்துக் கூலியாட்கள் கூலி வாங்காமல் மூட்டைகளை ஏற்றினார்கள். மார்ச் 28 அன்று சுமார் 800 டன் உணவுப்பொருள்களுடன் புறப்பட்ட கப்பல் 15 நாளில் கார்க் துறைமுகத்தை அடைந்தது. கடலுக்கு அப்பால் பட்டினி கிடந்தவனுக்கு உணவு அனுப்பிய அதே நகரம், அவன் தன் வாசலுக்கே வந்து நின்றபோது கதவைச் சாத்தப் பார்த்தது. மனித சுபாவத்தின் இந்த இரண்டு பக்கங்களும் இந்த வரலாறு முழுவதும் காணக் கிடைக்கின்றன.

வந்தவர்கள் குடியேறியது நார்த் எண்ட், ஃபோர்ட் ஹில் என்ற துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில். பழைய வீடுகளையும் கிடங்குகளையும் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். நிலவறைகளில்கூடக் குடும்பங்கள் இருந்தன. பெரிய அலை வந்தால் நிலவறைக்குள் தண்ணீர் வந்துவிடும். 1849-இல் காலரா வந்தபோது நகரத்தில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள். அக்காலத்துப் புள்ளிவிவரங்களின்படி, பாஸ்டனில் இறந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் சராசரி வயது 14-ஐத் தொடவில்லை. எல்லாரும் இளமையிலேயே செத்தார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. பிறந்த குழந்தைகளில் அவ்வளவு பேர் தப்பிப் பிழைக்கவில்லை என்று பொருள்.

கூலி வேலையும் வீட்டு வேலையும்

1850-இல் பாஸ்டன் மக்கள்தொகை 1,36,881. அதில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் சுமார் 35,000, அதாவது நான்கு பேருக்கு ஒருவர். வேலை பார்த்த அயர்லாந்துக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எந்தத் தொழிலும் குறிப்பிடப்படாத வெறும் கூலியாட்கள். குடியானவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும். வேறு தொழில் தெரியாது. பாஸ்டனில் அன்று உழுவதற்கு நிலம் இல்லை. தோண்டுவதற்கு மட்டும் நிறைய இருந்தது.

இதற்கு முன்னோடியாக ஒரு நிகழ்ச்சி. 1822-இல் ஹியூ கம்மிஸ்கி என்பவர் முப்பது அயர்லாந்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்தே வடமேற்கே போய், பிற்காலத்தில் லோவெல் என்று பெயர் பெற்ற ஜவுளி ஆலை நகரத்துக்குக் கால்வாய் வெட்டினார். நம் ஊரில் மேஸ்திரி ஆள் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது போலத்தான். ஆலை வந்தது, ஆலைச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ரயில் வேண்டியிருந்தது. பாஸ்டன்-லோவெல் ரயில்பாதை 1835-இல் திறக்கப்பட்டது. அதற்கும் மண்வேலை செய்தவர்கள் அயர்லாந்துக்காரர்களே. அந்தப் பாதையில் ஒரு விசேஷம். உறுதியாக இருக்கட்டும் என்று ஸ்லீப்பர் கட்டைக்குப் பதில் கருங்கல்லை வைத்தார்கள். பாதை வளைந்து கொடுக்காததால் எஞ்சினும் வண்டிகளும் அடிபட்டன. பிறகு கருங்கல்லை எடுத்துவிட்டு மரக்கட்டை வைத்தார்கள். பாதையில் வேலை பார்த்த எவருக்கும் இதன் காரணம் உடனே புரியும். தண்டவாளத்துக்கு அடியில் கொஞ்சம் நெகிழ்வு இருந்தால்தான் அது தாங்கும். அந்தக் கருங்கல்லைச் சுமந்து போட்டதும், பிறகு பெயர்த்து எடுத்ததும் ஆட்களின் முதுகு வேலைதான்.

குடிநீர் வேலையும் அப்படியே. பாஸ்டனுக்குக் கொச்சிச்சுவேட் என்ற ஏரியிலிருந்து செங்கல் கால்வாய் மூலம் தண்ணீர் கொண்டுவரும் வேலை 1846 ஆகஸ்டில் தொடங்கி, 1848 அக்டோபர் 25 அன்று முடிந்தது. அன்று நகரின் மையத்திலுள்ள பூங்காவில் 80 அடி உயரத்துக்கு நீரூற்று எழும்பியதை ஊரே திரண்டு பார்த்தது. அடுத்த ஆண்டு காலராவில் செத்தவர்கள் அந்தக் கால்வாயை வெட்டிய சமூகத்தினர். தண்ணீர் ஊருக்கு வந்தது. நிலவறைக் குடித்தனக்காரர்களுக்கு நல்ல குழாயும் சாக்கடையும் வந்து சேர வெகுநாள் ஆயிற்று.

பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். அயர்லாந்து வேலைக்காரப் பெண்ணுக்கு அவள் சொந்தப் பெயர் என்னவாக இருந்தாலும் 'பிரிட்ஜெட்' என்றே கூப்பிடுவது வழக்கமாயிற்று. அயர்லாந்துக்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று வேலை விளம்பரத்திலேயே அச்சிடுவதும் நடந்தது. இவ்வளவுக்கும் இடையில் அந்தப் பெண்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஒரு தங்கைக்குக் கப்பல் டிக்கெட் எடுப்பார்கள். அவள் வந்து சம்பாதித்து அடுத்த தம்பியை வரவழைப்பாள். இப்படிச் சங்கிலி போல் குடும்பங்கள் கடல் தாண்டி வந்து சேர்ந்தன.

கடலைத் தூர்த்த கதை

பாஸ்டன் முதலில் ஒரு சிறு தீபகற்பம், சுமார் 800 ஏக்கருக்கும் குறைவு. அதன் மேற்கே பேக் பே என்ற ஆழமற்ற விரிகுடா. அதன் குறுக்கே 1821-இல் ஓர் அணை கட்டினார்கள், கடல் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஆலை ஓட்டுவதற்காக. பிறகு 1835-ஐ ஒட்டி இரண்டு ரயில்பாதைகள் கரை போட்டு அதன் குறுக்கே போயின. நீரோட்டம் தடைப்பட்டது, நகரத்துச் சாக்கடை அதில் தேங்கியது. நாற்றம் தாங்கமுடியாமல், முழுவதையும் தூர்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

1858-இல் வேலை முழு வேகத்தில் தொடங்கியது. காண்டிராக்டர்கள் கோஸ், மன்சன் என்ற இருவர். பக்கத்தில் மண் இல்லை. ஒன்பது மைல் தூரத்தில் நீதம் என்ற ஊரில் இருந்த சரளை மேடுகளை வெட்டி ரயிலில் கொண்டுவந்தார்கள். நீராவியால் இயங்கும் மண்வாரி இயந்திரம் பெரிய அளவில் பயன்பட்ட ஆரம்பகால வேலைகளில் இது ஒன்று. ஒரு வண்டிக்கு 35 வேகன். ஏறக்குறைய 45 நிமிடத்துக்கு ஒரு வண்டி, பகலும் இரவும்.

இந்தக் கணக்கை ஒரு ரயில்வேக்காரன் படிக்கும்போது அதில் வேறு சிலவும் தெரிகின்றன. 45 நிமிடத்துக்கு ஒரு மண் வண்டி போகவேண்டுமானால், வெட்டும் இடத்தில் ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கவேண்டும். கொட்டும் இடத்தில் ஒன்று காலியாகிக்கொண்டிருக்கவேண்டும். நடுவில் போகும் வண்டிக்கும் திரும்பும் காலி வண்டிக்கும் வழி விடவேண்டும். எங்கே ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். இயந்திரம் மண்ணை வாரி வேகனில் போட்டுவிடும். ஆனால் கொட்டிய மண்ணை நிரவுவது, கரை நீள நீளத் தண்டவாளத்தைத் தூக்கி முன்னே நகர்த்துவது, சேற்றில் புதைந்த பாதையைக் கடப்பாரை கொடுத்து நிமிர்த்துவது ஆகியவற்றை அன்று எந்த இயந்திரமும் செய்யவில்லை. பாஸ்டன் குளிர்காலத்தில் இரவு நேரத்தில் சேற்றில் நின்று அந்த வேலை செய்வது எப்படி இருந்திருக்கும் என்பதைப் பாதை வேலை பார்த்தவர்கள் ஊகிக்கலாம். வரலாற்றுப் புத்தகங்கள் வேகன் எண்ணிக்கையைச் சொல்கின்றன. கேங் ஆட்களின் பெயர்ப் பட்டியலைச் சொல்வதில்லை.

சராசரி 20 அடி ஆழத்துக்கு மண் கொட்டினார்கள். பெரும்பகுதி 1880-களின் தொடக்கத்தில் முடிந்தது. ஓரங்கள் முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. புது மண் பாரம் தாங்காது என்பதால், அதைத் துளைத்துக் கீழே கெட்டி அடுக்கு வரை மரத் தூண்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் கட்டடம் எழுப்பினார்கள். காப்லி சதுக்கத்தில் 1877-இல் எழுந்த டிரினிட்டி தேவாலயம் சுமார் 4,500 மரத் தூண்களின் மேல் நிற்கிறது. அந்த மரம் நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை கெடாது. நீர்மட்டம் இறங்கினால் காற்றுப் பட்டு உளுத்துவிடும். ஆகவே இன்றும் அங்கே நிலத்தடி நீர்மட்டத்தை அளந்து கண்காணிக்கிறார்கள். எம்.ஐ.டி.யின் முதல் கட்டடமும் 1866-இல் இந்தத் தூர்த்த நிலத்தில்தான் திறக்கப்பட்டது; 1916-இல்தான் அது ஆற்றுக்கு அப்பால் கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று.

அந்தப் புது நிலத்தில் குடியேறியவர்கள் பாஸ்டனின் பெரும் பணக்காரர்கள். அயர்லாந்துக்காரர்களும் அங்கே இருந்தார்கள், அடுப்பங்கரையிலும் மாடி அறையிலுமாக, வேலைக்காரர்களாக. அண்ணன் மண் கொட்டிய இடத்தில் தங்கை பாத்திரம் கழுவினாள் என்று சொன்னால் மிகையாகாது. அவர்கள் குடியிருந்த ஃபோர்ட் ஹில்லோ, 1866-க்கும் 1872-க்கும் இடையில் குன்றோடு வெட்டிச் சமமாக்கப்பட்டு, அந்த மண்ணும் துறைமுகக் கரையைத் தூர்க்கப் போயிற்று. குடியிருந்தவர்கள் சவுத் பாஸ்டன் போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள்.

காணாமல் போனவர்களைத் தேடிய பத்திரிகை

கூலி வேலை ஓரிடத்தில் நிற்பதல்ல. கால்வாய் முடிந்தால் ரயில்பாதை, அது முடிந்தால் அடுத்த மாநிலம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பலர். கணவன் எங்கே என்று மனைவிக்குத் தெரியாது. தம்பி எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்று அக்காவுக்குத் தெரியாது.

பாஸ்டனில் 1829-இல் ஆயர் ஃபென்விக் தொடங்கிய கத்தோலிக்க வாரப் பத்திரிகை, சில பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 'பைலட்' என்று நிலைபெற்றது. அதை வளர்த்தவர் பேட்ரிக் டொனஹோ, கேவன் மாவட்டத்தில் பிறந்து சிறுவனாக வந்தவர். இந்தப் பத்திரிகையில் 1831 அக்டோபர் முதல் 'காணாமல் போன நண்பர்கள்' என்ற பகுதி வெளிவந்தது. ஆளின் பெயர், அயர்லாந்தில் எந்த மாவட்டம், எந்தப் பங்கு, எந்த ஆண்டு எந்தக் கப்பலில் புறப்பட்டார், கடைசியாக எந்த ரயில்பாதையில் அல்லது எந்தக் காண்டிராக்டரிடம் வேலை செய்தார், தேடுபவர் யார், எங்கே தகவல் தரவேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். அமெரிக்கா முழுவதும் அந்தப் பத்திரிகை போயிற்று. 1921 வரை தொண்ணூறு ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட விளம்பரங்கள் வந்தன.

ஆட்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை என்று மேலே சொன்னேன். இந்த விளம்பரங்களில்தான் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. காண்டிராக்டரின் கணக்கில் வெறும் தலை எண்ணிக்கையாக இருந்தவன், அக்காவின் விளம்பரத்தில் ஊரும் பேரும் உள்ள மனிதனாக இருக்கிறான். இன்று அயர்லாந்துக் குடியேற்ற வரலாற்றை எழுதுபவர்களுக்கு இவை முக்கியமான ஆதாரம். ஒரு சமூகப் பத்திரிகை செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் என்ன என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

வெறுப்பு ஆட்சிக்கு வந்தபோது

1850-களில் குடியேறிகளுக்கு எதிராக ஒரு ரகசிய இயக்கம் அமெரிக்கா முழுவதும் பரவியது. இயக்கத்தைப் பற்றிக் கேட்டால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பதில் சொல்வது உறுப்பினர்களின் விதி. ஆகவே 'ஒன்றும் தெரியாதார் கட்சி' என்றே பெயர் வந்துவிட்டது. 1854 தேர்தலில் பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கவர்னர் பதவியையும் ஏறக்குறைய முழு சட்டமன்றத்தையும் அது பிடித்தது. அயர்லாந்துக்காரர்களின் தன்னார்வப் படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. கன்னியர் மடங்களைச் சோதனையிடக் குழு போட்டார்கள். ஆதரவற்ற குடியேறிகள் பலர் கப்பலேற்றி லிவர்பூலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பாஸ்டனில் 1851-இல் நியமனம் பெற்ற முதல் அயர்லாந்துப் போலீஸ்காரர் பார்னி மெக்கின்னிஸ்கின் 1854-இல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். குடியுரிமை பெற்ற பிறகும் இரண்டு ஆண்டு காத்திருந்தால்தான் ஓட்டு என்ற விதி 1859-இல் வந்தது.

இதே சட்டமன்றம்தான் 1855-இல் பள்ளிக்கூடங்களில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியே பிரிப்பதைத் தடை செய்து சட்டம் போட்டது. ஒரு சாராருக்கு நியாயம் செய்தவர்களே இன்னொரு சாராருக்கு அநியாயம் செய்தார்கள். வரலாறு நம் வசதிக்கேற்ப நல்லவர், கெட்டவர் என்று பிரிந்து நிற்பதில்லை.

1859 மார்ச்சில் நார்த் எண்டிலுள்ள எலியட் பள்ளியில், பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டன்ட் வடிவில் சொல்ல மறுத்த ஒரு சிறுவனை ஆசிரியர் அரைமணி நேரம் பிரம்பால் கையில் அடித்தார். நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். சொந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது இதன் பிறகுதான்.

1861-இல் உள்நாட்டுப் போர் வந்தது. எந்த மாநிலம் தங்கள் படைப் பிரிவுகளைக் கலைத்ததோ, அந்த மாநிலத்தின் ஒன்பதாவது ரெஜிமென்ட்டாக அயர்லாந்துக்காரர்கள் போருக்குப் போனார்கள். அதன் தலைவர் கர்னல் தாமஸ் காஸ் 1862 ஜூலை 1 அன்று மால்வெர்ன் ஹில் போரில் படுகாயமடைந்து சில நாளில் இறந்தார். 1863-இல் அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பு விதி நீக்கப்பட்டது.

சொந்தக் காலில்

அதே 1863 இன்னும் இரு காரணங்களுக்காக நினைவில் வைக்கத்தக்கது. ஜேசுயிட் சபையினர் பாஸ்டன் கல்லூரியைத் தொடங்கினார்கள். தையல்காரராகத் தொடங்கித் துணி வியாபாரத்தில் பொருள் சேர்த்த ஆண்ட்ரூ கார்னியின் நன்கொடையில் சவுத் பாஸ்டனில் கார்னி ஆஸ்பத்திரி உருவாயிற்று. அது பின்னர் டார்செஸ்டருக்கு இடம் மாறி 2024 வரை நடந்தது. பங்குக் கோயில், அதை ஒட்டிப் பள்ளி, அநாதை இல்லம், நல்லது கெட்டதுக்கு உதவும் சங்கம் என்று ஒவ்வொரு பேட்டையிலும் அமைப்புகள் வளர்ந்தன. நாங்கள் மற்றவர்களுக்குப் பாரம் இல்லை என்று வாயால் சொல்வதைவிட ஓர் ஆஸ்பத்திரி கட்டிக் காட்டுவது அதிகம் பேசும்.

அடுத்தது ஓட்டு. குடியுரிமை மனு எழுதிக் கொடுப்பது, வேலை வாங்கித் தருவது, குளிர்காலத்தில் கரி கொடுப்பது, சாவுச் செலவுக்கு உதவுவது என்று வார்டு தலைவர்கள் உருவானார்கள். இதில் ஊழலும் உண்டு. ஆனால் ஏழைக்கு வேறு யார் கதவைத் திறந்தார்கள் என்பதும் கேள்வி. 1884 டிசம்பரில் ஹியூ ஓ'பிரையன், அயர்லாந்தில் பிறந்து பாஸ்டன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதரானார். ஐந்து வயதில் வந்து, அச்சகத்தில் வேலை பழகி முன்னேறியவர். நான்கு ஆண்டு மேயராக இருந்தார். அவர் பதவிக் காலத்தில், 1888 நவம்பரில், காப்லி சதுக்கத்தில் பாஸ்டன் பொது நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பேக் பேயில் அயர்லாந்துக்காரர்கள் கொட்டிய மண்ணின்மேல், அயர்லாந்தில் பிறந்த மேயரின் காலத்தில், யாவரும் இலவசமாகப் படிக்க ஒரு நூலகம்! முதல் மண் வண்டி வந்து முப்பதே ஆண்டுகள்.

வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்திலிருந்து பஞ்ச காலத்தில் வந்த பேட்ரிக் கென்னடி, ஈஸ்ட் பாஸ்டனில் மரப் பீப்பாய் செய்யும் தொழிலாளி. 1858-இல் இளம் மனைவியையும் குழந்தைகளையும் விட்டு இறந்துபோனார். மனைவி பிரிட்ஜெட் சிறு கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அவர்களுடைய கொள்ளுப்பேரன் ஜான் கென்னடி 1960-இல் அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை.

கணக்கின் மறுபக்கம்

வரவு மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் கணக்கு நேர்படாது. மிதிபட்ட இந்தச் சமூகம், தனக்குக் கீழே இருந்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டது? கூலிச் சந்தையில் போட்டி என்ற பயத்தில் கறுப்பின மக்களைப் பகையாகப் பார்த்தவர்கள் அவர்களில் ஏராளம். 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் செய்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள். கறுப்பினத்தவர் பலர் அதில் கொல்லப்பட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லம் கொளுத்தப்பட்டது. பாஸ்டன் நார்த் எண்டிலும் அந்த மாதம் கலகம் வெடித்து உயிர்கள் போயின.

இதற்கு மாறாக நின்றவர் ஜான் பாயில் ஓ'ரெய்லி. பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்துகொண்டே அயர்லாந்து விடுதலைக்காக வேலை செய்ததற்காக 1866-இல் தண்டிக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1869-இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் தப்பி, அமெரிக்கா வந்து, பைலட் பத்திரிகையின் ஆசிரியரானவர். நாங்கள் பட்டதை இன்னொருவன் படக்கூடாது என்ற கட்சி அவருடையது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். 1890-இல் அவர் இறந்தார். அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு. 1974-இல் நீதிமன்ற உத்தரவுப்படி கறுப்பினப் பிள்ளைகளைப் பஸ்ஸில் சவுத் பாஸ்டன் பள்ளிக்கு அழைத்து வந்தபோது, அந்தப் பஸ்களின்மேல் கல் விழுந்தது. பெரும்பாலும் அயர்லாந்துக் குடும்பங்கள் வாழ்ந்த பேட்டை அது. 1834-இல் இவர்களுடைய மடத்தின்மேல் விழுந்த கல்லை நினைத்துப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

அயர்லாந்துக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று என்று எனக்குப் படுகிறது. தம் மக்களின் பெயரையும் ஊரையும் அச்சில் ஏற்றிவைத்தது ஒன்று. பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டி ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது இரண்டு. மூன்றாவதை அவர்கள் செய்யத் தவறியதிலிருந்து கற்கவேண்டும்: அடுத்து வருபவனுக்கு இடம் விடுவது.

நாமும் ஒரு காலத்தில் வேலை தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். இன்று நம் நகரங்களில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் வெட்டுபவர்களும் மேம்பாலத்துக்குக் கம்பி கட்டுபவர்களும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது. வழியில் பார்க்கும்போது எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று நின்று இரண்டு வார்த்தை கேட்பதற்கு நமக்கு ஒன்றும் செலவில்லை.